நூலக மேசைக்கு வரும் கேள்வியும் இணையமும்: குமரி மாவட்ட நூலகப் பணியாளர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

குரூப் 4 தேர்வின் பழைய வினாத்தாள் கிடைக்குமா? இன்றைக்கு ரப்பர் ஷீட் என்ன விலை? தாத்தா காலத்து மலையாளப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஒப்புவித்தல் போட்டிக்குக் கவிமணி பாட்டு ஒன்று வேண்டும். நாளை கடல் எப்படி இருக்கும்? குமரி மாவட்டத்தின் எந்தக் கிளை நூலகத்திலும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இவை பழகிய கேள்விகள். இவற்றுள் பலவற்றுக்கு அலமாரியில் பதில் இல்லை. இணையத்தில் இருக்கிறது. அதுவும் நம்பத்தக்க இடத்தில், காசில்லாமல்.

நூலகப் பணியாளர்களுக்கான கணினிப் பயிற்சிகள் பெரும்பாலும் கருவிகளின் பட்டியலில்தான் தொடங்குகின்றன. ஐம்பது இணையதளங்களின் பெயரை அச்சிட்டுக் கையில் கொடுப்பார்கள். அந்தத் தாள் மறுநாளே மேசை இழுப்பறைக்குள் போய்விடும். இந்த வழிகாட்டி மறுபக்கத்திலிருந்து வருகிறது: முதலில் கேள்வி, பிறகுதான் கருவி. ஒரு சிறு நூலகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கருவிகள் நன்றாகக் கைவந்தால் போதும். அவை எவை என்பதை உங்கள் ஊர் வாசகர்களே தீர்மானிப்பார்கள். ரப்பர் விளையும் குலசேகரத்துக்குப் பொருந்தும் பட்டியல் மீனவ ஊரான தூத்தூருக்குப் பொருந்தாது.

முதல் படி: கேள்விப் பதிவேடு

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து நான்கு பத்திகளாகக் கோடு போடுங்கள். தேதி, கேள்வி, பதில் எங்கே கிடைத்தது, எவ்வளவு நேரம் ஆனது. கேள்வியை வாசகர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். அவர் பெயரை எழுத வேண்டாம். ஒரு மாதம் இதைச் செய்தால் பக்கங்கள் இப்படி இருக்கும்:

"கிராம்பு இலை கருகுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" தெரியாது என்று அனுப்பிவிட்டோம்.

"மகளுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ். என்னென்ன காகிதம் வேண்டும்?" இ-சேவை மையத்துக்குப் போகச் சொன்னோம்.

"குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது பற்றிப் பேச்சுப் போட்டி. இரண்டு பக்கம் வேண்டும்." இருந்த ஒரு நூல் இரவல் போயிருந்தது.

பதில் கிடைக்காத வரிகளில்தான் உங்களுக்கான பாடத்திட்டம் இருக்கிறது. கிராம்புக் கேள்வி இரண்டு முறை வந்திருந்தால், அந்த வாரம் கற்க வேண்டியது வேளாண் தளங்களை. யாரோ எங்கோ அச்சிட்ட பாடத்திட்டத்தைவிட இந்த நோட்டு உங்களுக்கு அதிகம் உதவும்.

இன்னொன்று. முதலில் கேட்கப்படும் கேள்வி பல நேரம் உண்மையான கேள்வியாக இருப்பதில்லை. "சட்டப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பவருக்குத் தேவைப்படுவது வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முறையாக இருக்கலாம். "எந்தக் காரியத்துக்குத் தேவைப்படுகிறது, அண்ணாச்சி?" என்று ஒருமுறை திருப்பிக் கேட்டுவிட்டால் தேடும் நேரம் பாதியாகக் குறையும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது. எந்தத் தேடுபொறி வந்தாலும் அந்தத் திருப்பிக் கேட்கும் வேலை நம்முடையதுதான்.

இரண்டாம் படி: கணக்கும் கணினியும்

நூலகத்துக்கென்று தனி மின்னஞ்சல் கணக்கு ஒன்று தொடங்குங்கள். இதில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். நூலகர் தம் சொந்தக் கைப்பேசி எண்ணில் கணக்கைத் தொடங்குகிறார். இரண்டாண்டு கழித்து இடமாற்றம் வருகிறது. கடவுச்சொல், நூற்பட்டியல், வாசகர் எண்கள் எல்லாம் அவரோடு பஸ் ஏறிவிடுகின்றன. கணக்கின் பெயர் ஆளைச் சுட்டாமல் நூலகத்தைச் சுட்டட்டும். மீட்பு எண்ணாக நூலகத்தின் எண்ணையோ, மேலலுவலகத்தோடு பேசி முடிவு செய்த எண்ணையோ கொடுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, அதற்கான மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு, உறையில் இட்டு ஒட்டி, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

உலவியில் பணியாளருக்கு ஒரு பயனர், பொதுமக்களுக்கு விருந்தினர் சாளரம் என்று பிரித்துவிடுங்கள். பணியாளர் பகுதியில் புத்தகக்குறிகளைக் கேள்வி வகைப்படி அடுக்குங்கள்: தேர்வு, வேளாண்மை, கடல், நிலம், தமிழ் நூல்கள், சான்றிதழ்கள். ஆறு அடுக்குகளுக்கு மேல் போனால் நீங்களே தேடத் தொடங்குவீர்கள்.

நம் மாவட்டத்துக்கு இரு பருவமழையும் உண்டு. ஐப்பசி மாலைகளில் இடி இடிக்கும்போது மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். அடிக்கடி கேட்கப்படும் பாடத்திட்டங்கள், விண்ணப்ப மாதிரிகள், பள்ளிப் பாடநூல்கள் ஆகியவற்றைக் கணினியில் ஒரு கோப்புறையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரிலேயே இறக்கிய தேதி இருக்கட்டும். பழைய பாடத்திட்டத்தைப் புதியது என்று நம்பி ஒரு பிள்ளை படித்துவிடக் கூடாது.

மூன்றாம் படி: தமிழில் தட்டச்சும் நூற்பட்டியலும்

பட்டியலைக் கணினியில் ஏற்றுவதற்கு முன் எழுத்துரு விவகாரத்தை முடித்துவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பட்டியல் இணையத்தில் தேடலுக்குச் சிக்காது. எல்லாமே எந்தக் கணினியும் படிக்கும் யூனிகோடு முறையில் இருக்க வேண்டும். பழைய கோப்புகளை மாற்ற என்எச்எம் மாற்றி போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. புதிதாகப் பழகுபவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பரிந்துரைப்பேன். ஒலிபெயர்ப்பு முறை முதல் வாரத்தில் எளிது. ஆண்டுக்கணக்கில் அடிக்கப்போகிறவருக்குத் தமிழ்99தான் விரல் நோகாதது.

ஒரே ஒரு சொல்லை வைத்து இதன் முக்கியத்துவத்தைப் பார்க்கலாம். 'ஔவையார்' என்று அடிக்க ஔ என்ற தனி எழுத்து இருக்கிறது. ஆனால் அவசரத்தில் ஒ, ள என்று இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்து அடித்து 'ஒளவையார்' என்று எழுதுபவர்கள் ஏராளம். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறுவேறு. ஆத்திசூடி கேட்டு வந்த குழந்தையிடம் "இல்லை" என்று சொல்லி அனுப்புவீர்கள். புத்தகம் மூன்றாவது தட்டில் இருக்கும். இப்படியே கொ, கோ போன்ற எழுத்துகளையும் கொம்பு, கால் என்று துண்டு துண்டாக அடிக்காமல் ஒரே முறையில் அடிக்கப் பணியாளர் எல்லாரும் பழக வேண்டும். ஆசிரியர் பெயருக்கும் ஒரே வடிவம். 'கவிமணி', 'தேசிக விநாயகம் பிள்ளை', 'தேசிகவிநாயகம்' என்று மூன்று வடிவில் ஏற்றினால் ஒரே கவிஞர் மூன்று பேராகிவிடுவார். முழுப்பெயரை ஒரு பத்தியிலும் வழக்குப் பெயர்களைப் பக்கத்துப் பத்தியிலும் வையுங்கள்.

எதில் ஏற்றுவது? கோஹா என்ற கட்டற்ற நூலக மென்பொருள் நியூசிலாந்தின் ஒரு சிறு நூலக அமைப்புக்காக 1999இல் உருவாக்கப்பட்டது. இன்று பெரிய பல்கலைக்கழகங்களும் பயன்படுத்துகின்றன. தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயாவும் உண்டு. இரண்டும் நல்லவை. ஆனால் தனி ஒரு கிளை நூலகர் தாமாக நிறுவிப் பராமரிக்கும் வேலை அன்று. அது மாவட்ட அளவில் எடுக்க வேண்டிய முடிவு. அதுவரை ஒரு சாதாரண விரிதாள் போதும். சேர்க்கை எண், நூற்பெயர், ஆசிரியர், ஆசிரியரின் வழக்குப் பெயர்கள், பதிப்பகம், ஆண்டு, வகை எண், தட்டு, இரவல் நிலை. இந்த ஒன்பது பத்திகளை ஒழுங்காக நிரப்பியிருந்தால் நாளை எந்த மென்பொருளுக்கும் ஒரே நாளில் மாற்றிவிடலாம்.

எல்லாப் புத்தகத்தையும் ஏற்றிவிட்டுத்தான் பயன்படுத்துவேன் என்று காத்திருக்க வேண்டாம். மாவட்டம் பற்றிய நூல்களை முதலில் ஏற்றுங்கள். நாஞ்சில் நாட்டு வரலாறு, திருவிதாங்கூர்க் காலம், இணைப்புப் போராட்டம், இம்மாவட்ட எழுத்தாளர்கள். வெளியூர் ஆய்வாளர்கள் தொலைபேசியில் கேட்பது இவற்றைத்தான்.

நான்காம் படி: இணையத்தில் உள்ள தமிழ் நூல்கள்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் இணைய நூலகம்தான் முதல் வாசல். அரிய பதிப்புகள், பழைய இதழ்கள், சுவடிகள் எல்லாம் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. மூலப் பதிப்பைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஒரு பாடலின் வரியைத் தேடுபவருக்கு அது உதவாது. அவருக்கு மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கியத் தொகுப்பு அது. எழுத்து வடிவில் இருப்பதால் ஒரு சொல்லைக் கொடுத்தே பாடலைப் பிடித்துவிடலாம். தமிழ் விக்கிமூலத்தில் தட்டச்சு செய்த உரையும் மூலப் பக்கத்தின் படமும் அருகருகே இருக்கும். மேற்கோள் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் திட்டம். எழுத்தாளர்களே இலவசமாகப் பகிர அனுமதித்த மின்னூல்களுக்கு ஃப்ரீதமிழ்இபுக்ஸ். இண்டர்நெட் ஆர்க்கைவில் தமிழ் நூல்கள் கொட்டிக்கிடக்கின்றன. ஆனால் அங்கே யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம். ஒரு நூல் அங்கே இருக்கிறது என்பதாலேயே அது உரிமை நீங்கியது என்று ஆகிவிடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. நேற்று வெளிவந்த நாவலின் பிடிஎஃப் இன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை நூலகத்தின் எண்ணிலிருந்து வாசகர் குழுவுக்கு அனுப்புவது சேவை இல்லை, திருட்டுக்கு முத்திரை குத்துவது. பெரும்பாலான தமிழ்ப் பதிப்பகங்கள் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, அவற்றில் ஒரு பகுதியை நூலகங்கள் வாங்கும் என்று நம்பி நடக்கின்றன. அந்த நம்பிக்கையை நாமே உடைக்கலாமா?

கணக்கு எளிது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். தேரூரில் பிறந்த கவிமணி 1954இல் மறைந்தார். 2015 ஜனவரி 1 முதல் அவர் எழுத்து எல்லாருக்கும் பொது. ஒப்புவித்தல் போட்டிக்கு எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம். நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி 2005இல் மறைந்தார். அவர் நூல்களுக்கு 2065 முடியும்வரை உரிமை உண்டு. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கு இந்த அறுபதாண்டுக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. இந்த மூன்று வரிகளைத் தாளில் எழுதிக் கணினி அருகே ஒட்டிவிட்டால் வாக்குவாதம் மிச்சம்.

ஐந்தாம் படி: நம் மாவட்டத்துக் கேள்விகள்

தேர்வுகள். நாளிதழ்ச் செய்தியைவிடத் தேர்வாணையத்தின் அறிவிக்கையைப் படிக்கப் பழக்குவதுதான் நாம் செய்யும் பெரிய உதவி. வயது வரம்பு, தகுதி, பாடத்திட்டம், கடைசித் தேதி எல்லாம் அதில்தான் அதிகாரபூர்வமாக இருக்கும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தளத்தில் ஆண்டுத் திட்டம், பாடத்திட்டம், முந்தைய வினாத்தாள் மூன்றும் இருக்கும் இடங்களைப் பணியாளர் கண்ணை மூடிக்கொண்டு திறக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான தமிழ்நாடு பாடநூல்களும் இணையத்தில் இலவசம். வேலைவாய்ப்புத் துறையின் மெய்நிகர் கற்றல் தளத்தில் போட்டித் தேர்வுப் பாடங்கள் கிடைக்கின்றன. தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று முதலில் பாருங்கள். அரசுத் தளம்போலவே வேடமிட்டு விண்ணப்பக் கட்டணம் பறிக்கும் தளங்கள் தேடல் முடிவின் உச்சியில், விளம்பரமாகவே வந்து நிற்கும்.

ரப்பரும் மற்றப் பயிர்களும். ரப்பர் வாரியத்தின் தளத்தில் அன்றாட விலை வெளியாகிறது. ஷீட் விலை கேட்பவருக்கு ஆர்எஸ்எஸ் 4 (புகையூட்டிய ஷீட்டின் நான்காம் தரம்) என்ற வரியைக் காட்டுங்கள். அங்கே இருப்பது கோட்டயம் போன்ற சந்தையின் நிலவரம். விலை 100 கிலோவுக்குப் போடப்பட்டிருக்கும். நூறால் வகுத்துச் சொல்லுங்கள். "மார்த்தாண்டத்துக் கடையில் இது கிடைக்காது" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஆனால் எவ்வளவு குறைத்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பேரம் பேச அந்த எண் அவருக்கு வேண்டும். பயிர் நோய்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளம் தமிழிலேயே, பயிர்வாரியாக இருக்கிறது. உழவன் செயலியும் உண்டு. மாறாமலைப் பக்கத்துக் கிராம்பு விவசாயிகளுக்குக் கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பக்கங்கள் இன்னும் பொருத்தம். மருந்தின் பெயரையும் அளவையும் நீங்கள் வாய்வழி சொல்லாதீர்கள். பக்கத்தை அச்சிட்டுக் கையில் கொடுங்கள்.

கடல். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் ஆட்களை இழந்த ஊர்கள் நம் கடற்கரையில் இருக்கின்றன. அங்கே உள்ள நூலகத்தில் கடல் முன்னறிவிப்பு ஓர் ஓரத்துத் தகவலாக இருக்க முடியாது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், அலை உயரம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றின் முன்னறிவிப்பையும், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளின் விவரத்தையும் வெளியிடுகிறது. எச்சரிக்கைகளில் நம் கடற்கரை நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை என்று குறிக்கப்படும். அந்த வரியைத் தேடிப் படிக்கப் பழகுங்கள்.

கள்ளக்கடல் எச்சரிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தொலைவான பகுதியில் வீசும் புயற்காற்று எழுப்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நம் கரையில் வந்து மோதுகின்றன. இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. அதனால்தான் கடலோடு பழகாத சுற்றுலாப் பயணிகளும், கரையோரம் வீடுள்ளவர்களும் ஏமாந்துபோகிறார்கள். எச்சரிக்கை வந்த நாளில் அதை அச்சிட்டு, வெளியான நேரத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, வாசலில் ஒட்டுங்கள். சொந்த வாக்கியத்தில் சுருக்கி எழுதாதீர்கள். அலை உயரத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் பொருள் வேறாகிவிடும். காலாவதியானதும் உடனே கிழித்துவிடுங்கள். நேற்றைய எச்சரிக்கை சுவரிலேயே தொங்கினால் நாளைய எச்சரிக்கையை யாரும் பார்க்க மாட்டார்கள். யாரோ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டு "புயலாமே" என்று கேட்டு வருபவரிடம் வானிலை ஆய்வு மையத்தின் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

நிலமும் மலையாளப் பத்திரங்களும். பட்டா, புல வரைபடம் ஆகியவற்றை வருவாய்த்துறைத் தளத்திலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்திலும் பார்க்கலாம். அதை மாநிலம் முழுக்கவே செய்கிறார்கள். நமக்கு மட்டுமான சிக்கல் வேறு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவர்கள். வீட்டு இரும்புப் பெட்டிகளில் இருக்கும் பழைய பத்திரங்களில் பல மலையாள எழுத்தில் உள்ளன. அவற்றைப் படிக்கத் தெரிந்த பாட்டா போய்ச் சேர்ந்துவிட்டார். பேரனுக்கு எழுத்து தெரியாது, ஆனால் மலையாளம் காதில் விழுந்தால் பாதி புரியும்.

அச்சிட்ட மலையாளமாக இருந்தால் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, கூகுள் டிரைவில் ஏற்றி, அதைக் கூகுள் ஆவணமாகத் திறந்தால் படத்தில் உள்ள எழுத்து உரையாக மாறிவிடும். பிறகு இரண்டு வழி. மொழிபெயர்ப்பது ஒன்று. அக்ஷரமுக என்ற இலவசக் கருவியில் கொடுத்து, மொழி மலையாளமாகவே இருக்க, எழுத்தை மட்டும் தமிழாக மாற்றுவது மற்றொன்று. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வாசகர்களுக்கு இரண்டாவது வழிதான் அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம். பத்திரத்தில் வரும் 'தண்டப்பேர்' போன்ற சொற்களை மொழிபெயர்ப்புக் கருவி குதறிவிடும். எழுத்து மட்டும் மாறினால் வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்தவுடன் பிடித்துக்கொள்வார். 1971இல் மலையாள எழுத்துச் சீர்திருத்தம் வந்ததற்கு முந்தைய அச்சில் கூட்டெழுத்துகள் மிகுதி. கருவி அங்கங்கே தடுமாறும். கையெழுத்துப் பத்திரத்தை இதில் கொடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்கு மலையாளம் படிக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும். அப்படிப்பட்ட இரண்டொருவரின் ஒப்புதலோடு அவர்கள் பெயரைக் குறித்து வைத்திருப்பதும் நூலகச் சேவைதான்.

பழைய பத்திரங்களில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். அதை ஆங்கில ஆண்டுக்கு மாற்றத் தளம் ஏதும் தேவையில்லை. கொல்லம் ஆண்டு சிங்ஙத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. சிங்ஙம் முதல் டிசம்பர் முடியும்வரையிலான தேதிக்கு 824ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடியும்வரையிலான தேதிக்கு 825ஐயும் கூட்டுங்கள். சரிபார்க்க ஒரு கணக்கு: திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தின் தேதி 1112 துலாம் 27. துலாம் ஐப்பசி, ஆகவே 824ஐக் கூட்டினால் 1936. பிரகடனம் வெளியானது 1936 நவம்பர் 12. அதே 1112ஆம் ஆண்டு மேடத்தில் (சித்திரையில்) எழுதிய பத்திரம் 1937க்கு உரியது. தனு மாதம் (மார்கழி) மட்டும் டிசம்பரிலும் ஜனவரியிலும் காலூன்றி நிற்கும். அங்கே தேதியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவும் செய்து கொடுத்த பிறகு, இது படித்துப் புரிந்துகொள்வதற்கு மட்டும், சட்டப்படி செல்லத்தக்க மொழிபெயர்ப்பு இல்லை என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். நிலத் தகராறில் நூலகர் சாட்சியாகக் கூண்டேற வேண்டாம்.

ஆறாம் படி: அச்சைப் படிக்க இயலாதவர்கள்

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இருக்கிறது. உறுப்பினராகப் பதிந்தால் கேட்கவும், பெரிய எழுத்தில் படிக்கவும் ஏற்ற வடிவில் நூல்கள் கிடைக்கும். இவர்களுக்காக நூலை வேறு வடிவுக்கு மாற்றுவதை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. 2014இல் மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. ஆகவே தயங்க வேண்டாம். ஒரு கணினியிலாவது என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளை நிறுவி, தமிழ்க் குரலைத் தேர்ந்து, ஒரு ஹெட்போன் வையுங்கள்.

முதியவர்களுக்கு இதைவிட எளிய உதவி போதும். கண்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் எழுத்து பெரிதாகும். நாளிதழை இப்படிக் காட்டிப் பாருங்கள், மறுநாள் நண்பரையும் அழைத்து வருவார்.

ஏழாம் படி: வாசகருக்குத் தெரிவிப்பது

புதிய நூல் வரவு, விடுமுறை, நிகழ்ச்சி ஆகியவற்றைத் தெரிவிக்க வாட்ஸ்அப் குழுவைவிட ஒலிபரப்புப் பட்டியல் மேல். குழுவில் ஒருவர் எண் எல்லாருக்கும் தெரியும். பெண் வாசகர்கள் பலர் சேரத் தயங்குவது அதனால்தான். காலை வணக்கப் படங்களின் தொல்லை வேறு. ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நூலகத்தின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும். உறுப்பினர் படிவத்தோடு அந்த எண்ணை அச்சிட்ட சீட்டைக் கொடுத்துவிடுங்கள்.

கூகுள் வரைபடத்தில் உங்கள் நூலகம் சரியான இடத்தில், சரியான நேரத்தோடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வார விடுமுறையில் 'திறந்திருக்கிறது' என்று காட்டினால், கடையாலுமூட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

எட்டாம் படி: செயற்கை நுண்ணறிவு

அறிவிப்பு எழுத, ஆங்கிலக் கடிதத்தின் சாரத்தைத் தமிழில் பெற, குழந்தைகள் நிகழ்ச்சிக்கு விடுகதை யோசிக்க உரையாடு கருவிகளைப் பயன்படுத்தலாம். நூல் விவரம் கேட்க மட்டும் வேண்டாம். "நாஞ்சில் நாட்டு நாட்டுப்புறப் பாடல்கள் பற்றிய நூல்கள்" என்று கேட்டால், இல்லாத நூலுக்கு இருக்கும் ஆசிரியர் பெயரை ஒட்டி, ஆண்டும் பதிப்பகமும் சேர்த்து அடுக்கித் தந்துவிடும். தமிழ் விஷயத்தில் இது இன்னும் மிகுதி. அது தரும் ஒவ்வொரு நூற்பெயரையும் தமிழ் இணைய நூலகத்திலோ, உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்டுகேட்டிலோ, பதிப்பகத்தின் பட்டியலிலோ பார்த்து உறுதி செய்த பிறகுதான் வாசகரிடம் சொல்ல வேண்டும். வாசகரின் பெயர், ஆதார், பத்திரம் எதையும் அதில் இடக் கூடாது.

ஒன்பதாம் படி: பொதுக் கணினியின் பாதுகாப்பு

"சார், ஆதாரை உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன், ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்." இதைக் கேட்காத நூலகர் இல்லை. ஓராண்டில் உங்கள் கைப்பேசியில் ஊராரின் அடையாள அட்டைகள் குவிந்துவிடும். அந்தக் கைப்பேசி பஸ்ஸில் தொலைந்தால்? தனிநபர் தரவுகளின் பாதுகாப்புக்கென்றே 2023இல் சட்டம் வந்துவிட்ட காலம் இது. சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். நூலக மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அச்சிட்டதும் அவர் கண்முன்னே அஞ்சலையும், இறக்கிய கோப்பையும், மறுசுழற்சித் தொட்டியில் உள்ளதையும் அழியுங்கள்.

வாசகரின் ஒருமுறைக் கடவுச்சொல்லை நீங்கள் கேட்கவும் வேண்டாம், அவர் தாமாக நீட்டினாலும் வாங்கவும் வேண்டாம். எங்கே இட வேண்டும் என்று விரலால் காட்டுங்கள், இடுவது அவராக இருக்கட்டும். வங்கிப் பரிமாற்றத்துக்கு நூலகக் கணினியைத் தரக் கூடாது. மாலையில் மூடும்முன் விருந்தினர் சாளரத்தை மூடி, இறக்கக் கோப்புறையைக் காலி செய்யும் வேலையை மின்விசிறியை அணைக்கும் வேலையோடு சேர்த்துவிடுங்கள்.

பத்தாம் படி: கைமாற்றுவது

ஒருவர் கற்றது ஒருவரோடு நின்றுவிடாமல் இருக்க, வாரம் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஒரு பணியாளர் பதிவேட்டிலிருந்து ஒரு கேள்வியைத் தேர்ந்து, பதிலுக்கான வழியை ஐந்து வரியில் எழுதி, மற்றவர்களைத் தம் கையாலேயே செய்து பார்க்கச் சொல்லட்டும். பார்த்துக்கொண்டே நின்றால் யாருக்கும் வராது. மாதக் கூட்டத்துக்கு நாகர்கோவில் போகும்போது பக்கத்துக் கிளைகளோடு இந்த ஐந்து வரிகளைப் பரிமாறிக்கொள்ளலாம். கொல்லங்கோட்டில் எழுதிய குறிப்பு இரணியலிலும் உதவும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புத்தகக்குறிகளைத் திறந்து, ஒருவரும் தொடாதவற்றை நீக்குங்கள். அரசுத் தளங்களின் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் சொடுக்கிப் பாருங்கள்.

இடமாற்ற ஆணை வந்துவிட்டால் புத்தக இருப்பை ஒப்படைக்கும் பட்டியலிலேயே இவற்றையும் சேருங்கள்: நூலக மின்னஞ்சல், கடவுச்சொல் உறை, விரிதாளின் இருப்பிடம், ஒலிபரப்புப் பட்டியல் உள்ள கைப்பேசி எண், மலையாளம் படித்துத் தருபவர்களின் குறிப்பு, கேள்விப் பதிவேடு. புதியவர் வந்து அமர்ந்ததும் கடவுச்சொல்லை அவரே மாற்றட்டும், பழையவர் பக்கத்தில் இருக்கும்போதே.